குடும்பப் பதிவேடும் இடைநிலைச் சுகாதாரப் பணியாளரும்: தாம்பரம், பரங்கிமலை வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு (1924–2021)

ஆய்வுச்சுருக்கம்

பட்டம் பெற்ற மருத்துவருக்கும் ஊர் மருத்துவச்சிக்கும் இடைப்பட்ட நிலையில் நின்று ஊரக மக்களின் நலம் காத்தவர்கள் இடைநிலைச் சுகாதாரப் பணியாளர்கள். எல்.எம்.பி. மருத்துவர், சுகாதாரப் பார்வையாளர், பல்நோக்குப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர் எனக் காலந்தோறும் இவர்களின் பெயரும் பயிற்சியும் மாறி வந்துள்ளன. இவர்களைப் பற்றிய கொள்கை விவாதங்கள் பெரிதும் ‘தகுதி’ என்னும் ஒரே வினாவைச் சுற்றியே நிகழ்ந்தன. சென்னையின் தென்புறத்தில் அமைந்த தாம்பரம், பரங்கிமலை வட்டாரத்தின் வரலாறு வேறொரு வினாவை முன்வைக்கிறது. இப்பணியாளர் எத்தனை குடும்பங்களுக்குப் பொறுப்பு, அக்குடும்பங்களின் பதிவேடு யாரிடம் உள்ளது, அவருக்குப் பின்னே நிற்கும் மருத்துவர் யார் என்பதே அவ்வினா. இம்மூன்றும் தெளிவாக இருந்த இடங்களில் குறைந்த பயிற்சியும் பயன் தந்தது என்பதையும், நகரமயமாக்கம் இத்தெளிவைக் குலைத்துள்ளது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: இடைநிலைச் சுகாதாரப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர், எல்.எம்.பி., சிறு நல்வாழ்வு நிலையம், தாம்பரம், பரங்கிமலை, ஆரம்ப சுகாதாரம்

1. முன்னுரை

இந்தியாவில் ஆரம்ப சுகாதாரம் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் மருத்துவர் பற்றாக்குறையைத் தொடக்கப்புள்ளியாகக் கொள்கின்றன. மருத்துவர் ஊருக்கு வர மறுக்கிறார். ஆகவே அவருடைய இடத்தில் குறைந்த பயிற்சி பெற்ற ஒருவரை அமர்த்தலாமா என்று வினவுகின்றன. இவ்வாறு வினவும்போதே இடைநிலைப் பணியாளர் ‘மருத்துவர் இல்லாத குறைக்கு வந்தவர்’ என்னும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். வரலாற்றில் அவர் செய்த பணியை நோக்கினால் இப்படிமம் முழுமையானதன்று. கருவுற்ற பெண்ணைத் தேடிச் சென்று பதிவு செய்தல், மருந்தை இடையில் நிறுத்திய காசநோயாளியைக் கண்டறிதல், தடுப்பூசி போடாத குழந்தையை இனங்காணுதல் ஆகியவை மருத்துவர் தம் அறையில் அமர்ந்து செய்யக்கூடிய பணிகள் அல்ல. இவை தேடிச் செல்லும் பணிகள். தேடிச் செல்வதற்கு முதலில் யாரைத் தேடுவது என்னும் பட்டியல் வேண்டும்.

தாம்பரமும் அதனைச் சூழ்ந்த பரங்கிமலை ஒன்றியமும் இவ்வாய்வுக்கு உரிய களமாவதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. ஒன்று, 1928இல் தோன்றிய காசநோய் மருத்துவமனை முதல் 1970களின் சிறு நல்வாழ்வு நிலையங்கள் வரை ஆரம்ப சுகாதாரத்தின் பல சோதனை முயற்சிகள் இவ்வட்டாரத்திலோ இதன் அண்மையிலோ நிகழ்ந்துள்ளன. மற்றொன்று, ஒரு தலைமுறைக் காலத்திற்குள் ஏரியும் வயலுமாக இருந்த சிற்றூர்கள் இங்குப் பெருநகரத்தின் பகுதிகளாயின. சிற்றூரை அலகாகக் கொண்டு வகுத்த சுகாதார அமைப்பு, சிற்றூர் மறையும்போது என்னவாகிறது என்பதை இவ்விடத்தில் தெளிவாகக் காணலாம்.

2. எல்.எம்.பி. மருத்துவரும் மானியக் கிராம மருத்துவமும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தமிழகச் சிற்றூர்கள் அறிந்த ‘இங்கிலீஷ் மருத்துவர்’ பெரும்பாலும் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றவர் அல்லர், எல்.எம்.பி. என்னும் சான்றிதழ் பெற்றவர். பல்கலைக்கழகத்தோடு இணையாத மருத்துவப் பள்ளிகளில் இவர்கள் பயின்றனர். சென்னையில் இராயபுரம் மருத்துவப் பள்ளி இதற்கு முதன்மையான இடமாக இருந்தது. பெண்களுக்கென 1918இல் ஐடா ஸ்கடர் வேலூரில் தொடங்கிய மருத்துவப் பள்ளியும் இச்சான்றிதழுக்கே மாணவியரைப் பயிற்றுவித்தது.

பனகல் அரசர் தலைமையிலான நீதிக்கட்சி அமைச்சரவைக் காலத்தில், 1924இல், சென்னை மாகாணம் மானியக் கிராம மருத்துவத் திட்டத்தைக் கொண்டுவந்தது. தகுதி பெற்ற ஒருவர் சிற்றூரில் குடியமர்ந்து மருத்துவம் பார்க்க முன்வந்தால் அவருக்கு ஆண்டு மானியம் கிடைத்தது. ஏழைகளுக்கு அவர் கட்டணமின்றி மருத்துவம் பார்க்க வேண்டும். வசதியுள்ளவர்களிடம் கட்டணம் பெறலாம். முழுநேர அரசு ஊழியராகவும் அமையாமல், முழுத் தனியார் மருத்துவராகவும் அமையாமல் இரண்டுக்கும் நடுவே நின்ற ஏற்பாடு இது. ஏறத்தாழ இதே காலத்தில் கீழ்ப்பாக்கத்தில் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தியை முதல்வராகக் கொண்டு இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டு, சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகிய முறைகளில் எல்.ஐ.எம். சான்றிதழ் வழங்கியது. 1926ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் மகப்பேற்றுப் பணியைப் பதிவுமுறைக்குள் கொண்டுவந்தது. ஆக, 1920களில் சென்னை மாகாணம் ஊரகத்திற்குப் பலவகை இடைநிலையினரைத் தானே உருவாக்கிக்கொண்டது.

எனினும் இம்மானிய மருத்துவருக்கு வரையறுத்த மக்கள்தொகை எதுவும் ஒப்படைக்கப்படவில்லை. தம்மிடம் வந்தவரை அவர் கவனித்தார்; வராதவர் அவர் கணக்கில் இல்லை. இத்திட்டத்தின் உள்ளமைந்த குறை இதுவே. ஆனால் அடுத்து வந்த விவாதம் இக்குறையைத் தொடவில்லை. எல்.எம்.பி. படிப்பின் தரமே அதன் பொருளாயிற்று. 1933ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழகச் சட்டம் பட்டதாரிகளை மட்டுமே தன் எல்லைக்குள் கொண்டது. சான்றிதழ் மருத்துவர்கள் வெளியே நிறுத்தப்பட்டனர். 1930களின் பிற்பகுதியில் சென்னை மாகாணம் எல்.எம்.பி. பயிற்சியை முடிவுக்குக் கொண்டுவர முற்பட்டது. இராயபுரம் பள்ளி 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆயிற்று. வேலூர்ப் பள்ளி 1942இல் எம்.பி.பி.எஸ். கல்லூரியாகத் தன்னை உயர்த்திக்கொண்டது.

3. ஜோசப் போர் குழு: ஒரே தகுதி என்னும் முடிவு

1943இல் அமைக்கப்பட்டு 1946இல் அறிக்கை அளித்த சர் ஜோசப் போர் தலைமையிலான குழு, அன்றைய நிலையை எண்களால் காட்டியது. பதிவு பெற்ற மருத்துவர்கள் 47,524 பேர். அவர்களுள் பட்டதாரிகள் 17,654 பேர். சான்றிதழ் மருத்துவர்கள் 29,870 பேர். அதாவது ஐவரில் மூவருக்கு மேற்பட்டோர் இடைநிலையினர். 6,300 பேருக்கு ஒரு மருத்துவர் என்றால் 43,000 பேருக்கு ஒரு செவிலியர் என்பதே அன்றைய விகிதம். சுகாதாரப் பார்வையாளர்கள் நாடு முழுவதற்கும் 750 பேர் அளவிலேயே இருந்தனர்.

இவ்வெண்களைக் கண்ட பின்னரும், இனி ஒரே வகையான ‘அடிப்படை மருத்துவர்’ மட்டுமே உருவாக்கப்பட வேண்டும் என்று குழுவின் பெரும்பான்மை முடிவு செய்தது. சான்றிதழ் மருத்துவப் பயிற்சி இன்னும் சில காலம் தொடர வேண்டும் என்று உறுப்பினர் சிலர் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தனர். சென்னையைப் பொறுத்தவரை அவ்வழக்கு ஏறத்தாழ முன்பே தீர்ந்துவிட்டது. மாகாணம் எட்டு ஆண்டுகளுக்கு முன்னர்த் தொடங்கிய பாதையையே குழு நாடு முழுமைக்கும் பரிந்துரைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆ. இலட்சுமணசாமி முதலியார் இக்குழுவின் உறுப்பினர் என்பதும், பின்னர் 1959இல் அமைந்த அடுத்த பெருங்குழுவுக்கு அவரே தலைமை ஏற்றார் என்பதும் இங்குக் கருதத்தக்கவை.

ஜோசப் போர் குழுவின் மறுபக்கம் அடிக்கடி மறக்கப்படுகிறது. 40,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்னும் அதன் குறுங்காலத் திட்டத்தில் மருத்துவர் இருவர் மட்டுமே. அவர்களோடு பொதுச் சுகாதாரச் செவிலியர் நால்வர், மருத்துவச்சியர் நால்வர், பயிற்சி பெற்ற தாதியர் நால்வர், துப்புரவு ஆய்வாளர் இருவர், சுகாதார உதவியாளர் இருவர் எனப் பெருங்குழு ஒன்று பரிந்துரைக்கப்பட்டது. குறை மருத்துவரை நீக்கிய அதே அறிக்கை, மருத்துவர் அல்லாத பணியாளரை ஆரம்ப சுகாதாரத்தின் பெரும்பகுதியாக்கியது. எல்.எம்.பி. மருத்துவர் விட்டுச்சென்ற ஊரக இடத்தைப் பட்டதாரி மருத்துவர் நிரப்பவில்லை. காலப்போக்கில் பெண் செவிலியரே நிரப்பினார். அவருக்கு எல்.எம்.பி.க்கு இருந்த சட்டத் தகுதியோ சமூக மதிப்போ இல்லை.

4. தாம்பரம்: சானடோரியத்திலிருந்து வீட்டு வாசலுக்கு

இங்கிலாந்தில் காசநோய் மருத்துவம் பார்த்த டேவிட் செளரிமுத்து 1928இல் தாம்பரத்தில் காசநோய் சானடோரியத்தை நிறுவினார். பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கிய அது 1937இல் அரசின் வசமாயிற்று. நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமிக்க உணவு ஆகியவற்றை மருந்தாகக் கொண்ட காலம் அது. நகருக்கு வெளியே, மரங்கள் சூழ்ந்த பரந்த நிலத்தில், நோயாளி மாதக்கணக்கில் தங்குவதே சிகிச்சை. இன்றும் புறநகர் இரயில் நிலையம் ஒன்று தாம்பரம் சானடோரியம் என்றே பெயர் தாங்கி நிற்கிறது.

இச்சிகிச்சை முறையின் அடிப்படையை அசைத்த ஆய்வும் சென்னையிலேயே நிகழ்ந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ மையத்தை நிறுவின. ஒரே மருந்தை வீட்டிலிருந்தே உட்கொண்ட நோயாளிகளையும் சானடோரியத்தில் தங்கி உட்கொண்டவர்களையும் அம்மையம் ஒப்பிட்டது. நெருக்கடியான சிறுவீட்டில் வாழ்ந்தபோதும், உணவு குறைவாக இருந்தபோதும், வீட்டு நோயாளிகளின் முன்னேற்றம் சானடோரிய நோயாளிகளினும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. குடும்பத்தினருக்கு நோய் பரவுவதும் அதனால் கூடவில்லை. 1959இல் வெளியான இம்முடிவு உலகக் காசநோய்க் கொள்கையின் போக்கையே மாற்றியது.

இந்த ஆய்வைப் பற்றிப் பேசுவோர் மருந்தின் ஆற்றலையே பெரிதும் எடுத்துரைப்பர். மருந்து வீட்டில் உட்கொள்ளப்படுகிறதா என்பதை உறுதிசெய்தவர்கள் வீடு வீடாகச் சென்ற சுகாதாரப் பார்வையாளர்கள். முன்னறிவிப்பின்றிச் சென்று எஞ்சிய மாத்திரைகளை எண்ணினர். சிறுநீர் மாதிரி பெற்றுச் சோதனைக்கு அனுப்பினர். வராத நோயாளியின் வீட்டைத் தேடிச் சென்றனர். படுக்கையின் இடத்தை மாத்திரை எடுத்துக்கொண்டது என்பது பாதி உண்மை. மாத்திரையோடு முகவரிப் பட்டியல் கொண்ட ஒரு பணியாளரும் சேர்ந்தே அவ்விடத்தை நிரப்பினார். அவருக்கு நோய் நாடும் தகுதி தேவைப்படவில்லை. இன்னார் தம் பொறுப்பில் உள்ள நோயாளி என்னும் தெளிவும், ஐயம் எழுந்தால் கேட்பதற்கு மையத்தில் ஒரு மருத்துவரும் இருந்தால் போதுமானதாயிற்று.

தாம்பரத்திலிருந்து அதே இரயில் பாதையில் தெற்கே சென்றால் செங்கற்பட்டு. அதனை அடுத்த திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை 1955இல் மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. அதே ஆண்டில் தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டமும் தொடங்கிற்று. ஊர் ஊராகச் சென்று உடலில் உணர்வற்ற தேமலைக் கண்டறிந்து, பெயரைப் பதிந்து, டாப்சோன் மாத்திரை வழங்கிய துணைநிலைப் பணியாளர்களே அத்திட்டத்தின் அடித்தளம். இவர்களும் பட்டியலோடு நடந்தவர்களே.

5. பல்நோக்குப் பணியாளரும் கிராம சுகாதாரச் செவிலியரும்

ஒவ்வொரு நோய்க்கும் ஒரு திட்டம், ஒவ்வொரு திட்டத்திற்கும் ஒரு பணியாளர் என்னும் முறை 1960களில் உச்சத்தை எட்டியது. மலேரியாப் பணியாளர், அம்மை குத்துபவர், குடும்பநலப் பணியாளர், தொழுநோய்ப் பணியாளர் எனப் பலர் ஒரே வீட்டுக் கதவைத் தனித்தனியே தட்டினர். ஒவ்வொருவரிடமும் வீட்டின் ஒரு பகுதி பற்றிய பதிவு இருந்தது. வீட்டை முழுமையாக அறிந்தவர் எவரும் இல்லை. 1973இல் கர்த்தார் சிங் குழு இப்பணியாளர்களை ஒன்றிணைத்துப் பல்நோக்குப் பணியாளர் ஆக்கும்படி பரிந்துரைத்தது. 3,000 முதல் 3,500 மக்களுக்கு ஒரு துணை நிலையம். அதில் ஆண் ஒருவர், பெண் ஒருவர். துணைச் செவிலிய மருத்துவச்சி இவ்வாறு பெண் சுகாதாரப் பணியாளர் ஆனார். ஆறாம் ஐந்தாண்டுத் திட்டக் காலம் முதல் சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்னும் அளவு நிலைபெற்றது.

தமிழ்நாட்டில் இவர் கிராம சுகாதாரச் செவிலியர் என்னும் பெயர் பெற்றார். மக்கள் வழக்கில் ‘நர்சம்மா’. இவருடைய பயிற்சிக் காலம் 1977இல் இரண்டு ஆண்டுகளிலிருந்து 18 மாதங்களாகக் குறைக்கப்பட்டது, பணிகளோ பெருகின. கருவுற்றோர் பதிவு, தடுப்பூசி, குழந்தை எடை, பிறப்பு இறப்புத் தகவல், குடும்பநலம் ஆகிய அனைத்தும் இவர் தோளில் ஏறின. தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு இவர் கையில் இருந்த முதன்மை ஆவணம். அப்பதிவேடு ஒருபுறம் பெண்ணின் நலத்தைத் தொடரும் கருவி. மறுபுறம் கருத்தடை அறுவைக்கு ஆள் சேர்க்கும் கருவி. 1996 ஏப்ரலில் நாடு முழுவதும் கருத்தடை இலக்கு முறை கைவிடப்படும் வரை, இவ்விரு பயன்களுக்கும் இடையே செவிலியர் நெருக்குண்டார். பதிவேடு தன்னளவில் நன்மையன்று. அது யாருக்குக் கணக்குக் காட்ட எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமைகிறது.

6. பரங்கிமலை வட்டாரத்தின் சிறு நல்வாழ்வு நிலையங்கள்

பதிவேட்டைக் குடும்பத்தின் பக்கமிருந்து எழுத முடியும் என்று காட்டிய முயற்சி தென்சென்னைப் புறநகரில் உருவானது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கிய கே.எஸ். சஞ்சீவி 1958இல் தன்னார்வ நலப்பணிக் கழகத்தை நிறுவினார். தரமணியில் அமைந்த அதன் மருத்துவமனை, குடும்பத்தின் வருமானத்திற்கேற்ப ஆண்டுச் சந்தா பெறும் மருத்துவ உதவித் திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. நோயுற்றபோது மட்டும் வருபவராக இல்லாமல், நலமாக உள்ளபோதே ஒரு குடும்பம் முழுவதும் பதிவு பெற வேண்டும் என்பது அதன் அடிப்படை. 1971இல் வெளிவந்த ‘பிளானிங் இந்தியாஸ் ஹெல்த்’ என்னும் அவருடைய ஆங்கில நூல், நாட்டின் சுகாதாரத்தைத் திட்டமிடும் வகை பற்றிய அவர் சிந்தனையைத் தாங்கி வந்தது.

பரங்கிமலை ஒன்றியம் உள்ளிட்ட தென்புறச் சிற்றூர்களில் கழகம் அமைத்த சிறு நல்வாழ்வு நிலையங்கள் இவ்வடிப்படையின் ஊரக வடிவம். ஏறத்தாழ 5,000 பேர், அதாவது ஆயிரம் குடும்பங்கள், ஒரு நிலையத்தின் எல்லை. ஆண் ஒருவரும் பெண் ஒருவருமாகப் பல்நோக்குப் பணியாளர் இருவர் அங்கு முழுநேரம் பணியாற்றினர். அதே ஊர்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்றப்பட்ட முதலுதவித் தொண்டர்கள் அவர்களுக்குத் துணை நின்றனர். மருத்துவர் பகுதிநேரமாக, வாரத்தின் குறித்த நாள்களில் வந்து சென்றார். இவர்களால் தீர்க்க முடியாத நோயாளிக்குத் தரமணி மருத்துவமனை பின்புலமாக இருந்தது.

இவ்வமைப்பில் மருத்துவரின் இடம் உற்று நோக்கத்தக்கது. அவர் நிலையத்தின் மையம் அல்லர், வந்து செல்பவர். நாள்தோறும் அங்கிருந்தவரும், குடும்பப் பதிவேட்டை வைத்திருந்தவரும் இடைநிலைப் பணியாளரே. முழுநேர மருத்துவர் ஊரில் தங்க மாட்டார் என்னும் உண்மையைக் குறையாகக் கருதிப் புலம்பாமல், அதனை ஏற்று அதற்கேற்ப அமைப்பை வகுத்ததே சஞ்சீவியின் பங்களிப்பு. அதேவேளை, பணியாளர் தனித்து விடப்படவும் இல்லை. மருத்துவர் எந்த நாளில் வருவார் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது.

1977 அக்டோபர் 2 அன்று மைய அரசு சமுதாய சுகாதாரப் பணியாளர் திட்டத்தைத் தொடங்கியபோது, பெரும்பாலான மாநிலங்கள் அதில் சேர்ந்தன. தமிழ்நாடு அதனை ஏற்காமல், சிறு நல்வாழ்வு நிலையத் திட்டத்தையே மாற்றாகத் தேர்ந்தெடுத்தது. செலவை மைய அரசு, மாநில அரசு, தன்னார்வ அமைப்பு ஆகிய மூன்றும் சமமாகப் பகிர்ந்துகொள்வது ஏற்பாடு. ஒரு புறநகர் முயற்சி மாநிலக் கொள்கையாகிய அரிய நிகழ்வு இது. 1978 செப்டம்பரில் அல்மா ஆட்டாவில் கூடிய உலக மாநாடு ஆரம்ப சுகாதாரத்தை அனைத்து நாடுகளின் குறிக்கோளாக அறிவித்தபோது, அது வலியுறுத்திய கூறுகள் பல பரங்கிமலைச் சிற்றூர்களில் நடைமுறையில் இருந்தன.

எனினும் இத்திட்டம் மாநிலம் முழுவதும் வேர்கொள்ளவில்லை. செலவில் மூன்றில் ஒரு பங்கைத் திரட்டவும், பின்புலமாக ஒரு மருத்துவமனையைத் தாங்கவும் வல்ல தன்னார்வ அமைப்பு எல்லா ஒன்றியங்களிலும் இல்லை. 5,000 பேருக்கு ஓர் அரசுத் துணை நிலையம் வந்தபின், அதே மக்கள்தொகைக்கு இன்னொரு நிலையம் எதற்கு என்னும் வினாவும் இயல்பாக எழுந்தது. எண் ஒன்றாயினும் உள்ளடக்கம் ஒன்றன்று. அரசுத் துணை நிலையத்தில் ஆண் பணியாளரின் இடம் காலப்போக்கில் மெலிந்தது; குறித்த நாளில் வரும் மருத்துவர் இல்லை; முதலுதவித் தொண்டரும் இல்லை. சிறு நல்வாழ்வு நிலையத்தின் 5,000 என்னும் எண்ணை அரசு அமைப்பும் கொண்டிருந்தது. அவ்வெண்ணைச் சூழ்ந்திருந்த துணைகளைக் கொண்டிருக்கவில்லை.

7. மகப்பேறு நிலையத்திற்கு நகர்ந்தபோது

கிராம சுகாதாரச் செவிலியரின் தொழில் அடையாளம் மகப்பேற்றில் வேர் கொண்டிருந்தது. 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம், செவிலியர் மூவரை முறைப்பணியில் கொண்டு இருபத்துநான்கு மணிநேரமும் இயங்கிய ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஆகியவற்றால் பிரசவம் வீட்டிலிருந்து நிலையத்திற்கு நகர்ந்தது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மருத்துவ நிலையப் பிரசவம் 2005–06இல் 88 விழுக்காடு; 2019–21இல் 99.6 விழுக்காடு. தாயின் உயிர் காத்த மாபெரும் மாற்றம் இது.

இம்மாற்றத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் பிரசவம் பார்ப்பவராக இருந்த நிலை மாறி, பிரசவத்திற்கு அனுப்புபவர் ஆனார். கருவுற்ற ஒவ்வொரு பெண்ணையும் பதிந்து எண் வழங்குவதும், நிதியுதவிக்கு உரிய சான்றுகளைத் தொகுப்பதும், கணினியில் ஏற்றுவதும் அவர் பணியாயின. கைத்திறனைக் காட்டிலும் பதிவுத்திறன் முன்னின்றது. இதனை வீழ்ச்சி என்று மட்டும் கருதுவது பொருந்தாது. நிலையப் பிரசவம் இந்த அளவை எட்டியதற்கு, ஒரு பெண்கூட விடுபடாத அந்தப் பட்டியலும் ஒரு காரணம். ஆனால் பட்டியல் கருவுற்றோரை மட்டும் கொண்டதாகச் சுருங்கியது. இரத்த அழுத்தமும் நீரிழிவும் உடைய நடுவயதினரும், படுக்கையில் கிடக்கும் முதியோரும் எவருடைய பதிவேட்டிலும் இல்லாமற் போயினர்.

8. சிற்றூர் புறநகரானபோது

1984இல் தாம்பரத்தில் ஏற்றுமதி மண்டலம் அமைந்தது. பின்னர்ப் பழைய மாமல்லபுரம் சாலையில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் எழுந்தன. மேடவாக்கம், கோவிலம்பாக்கம், பெரும்பாக்கம் போன்ற ஊராட்சிகள் அடுக்குமாடி நகரங்களாயின. நகரின் நீர்நிலைக் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களுக்காகப் பெரும்பாக்கத்தில் பல்லாயிரம் குடியிருப்புகள் கட்டப்பட்டன. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது, இவ்வூர்கள் அதற்கு வெளியே பரங்கிமலை ஒன்றியத்தின் ஊராட்சிகளாகவே நின்றன.

சுகாதார அமைப்பைப் பொறுத்தவரை இது பெயர்மாற்றம் மட்டுமன்று. ஊரக அளவுகோல்படி 5,000 பேருக்கு ஒரு கிராம சுகாதாரச் செவிலியர். 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புறச் சுகாதார இயக்கத்தின் அளவுகோல்படி 10,000 பேருக்கு ஒரு செவிலியர். 50,000 பேருக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். ஓர் ஊராட்சி நகராட்சியானால் செவிலியரின் பொறுப்பு அளவுகோலிலேயே இரட்டிப்பாகிறது. ஊராட்சியாகவே நீடித்தாலோ, அளவுகோல் ஏட்டில் இருக்க, மக்கள்தொகை அதனைத் தாண்டிச் செல்கிறது. இருவழியிலும் பட்டியல் நீள்கிறது.

எண்ணைவிடக் கடினமானது நிலையின்மை. வாடகை வீட்டில் ஓராண்டு தங்கி அகலும் குடும்பம், கட்டடப் பணிக்காக வட மாநிலங்களிலிருந்து வந்து தற்காலிகக் கொட்டகையில் வாழும் தொழிலாளர், பிரசவத்திற்குத் தாய்வீடு செல்லும் பெண் ஆகியோர் ஓர் ஊரின் பதிவேட்டில் நிலைப்பதில்லை. பூட்டிய வாயிற்கதவும் காவலாளியும் கொண்ட அடுக்குமாடிக்குள் செவிலியர் நுழைவதே அரிது. அங்குள்ளோர் தனியார் மருத்துவமனையை நாடுவர். ஆயினும் அவர்களின் கருவுறுதலையும் தடுப்பூசியையும் பதிவது அரசுச் செவிலியரின் கடமையாகவே நீடிக்கிறது. 1970களில் ஆயிரம் குடும்பங்களைப் பெயரறிந்து கணக்கிட்ட அதே நிலப்பரப்பில், இன்று குடும்பம் என்னும் அலகே நழுவுகிறது.

9. 2021: இடைநிலையின் மீள்வருகை

2017ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரக் கொள்கையும், 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டமும் துணை நிலையங்களை நலவாழ்வு மையங்களாக்கி, அவற்றில் ‘இடைநிலைச் சுகாதாரப் பணியாளர்’ ஒருவரை அமர்த்த வழி செய்தன. செவிலியப் பட்டமோ பட்டயமோ பெற்றவர் ஆறுமாதச் சமுதாயச் சுகாதாரப் பயிற்சிக்குப் பின் இப்பணிக்கு உரியவராகிறார். 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, வரையறைக்குட்பட்ட உரிமம் பெற்ற ‘சமுதாயச் சுகாதார வழங்குநர்’ என்னும் வகையை ஏற்படுத்தியபோது மருத்துவர் சங்கங்கள் நாடெங்கும் கடுமையாக எதிர்த்தன. 1930களில் எல்.எம்.பி. குறித்து எழுந்த அதே சொற்கள் மீண்டும் ஒலித்தன: அரைகுறை மருத்துவர், இரண்டாந்தர மருத்துவம், ஊரக மக்களுக்கு மட்டும் குறைந்த தரம் ஏன்?

இறுதி வினா நியாயமானது, எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் தமிழ்நாட்டில் இப்பணியாளர் மருத்துவரின் இடத்தில் அமர்த்தப்படவில்லை. 8,700க்கு மேற்பட்ட துணை நிலையங்களைக் கொண்ட மாநிலத்தில், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் தம் இடத்தில் இருக்க, துணை நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியரோடு கூடுதலாக ஒருவர் வந்தார். 2021இன் இறுதியில் 4,848 இடங்களுக்கு ஒப்பந்த அடிப்படையில், மாதம் 14,000 ரூபாய் ஊதியத்தில், ஆள்சேர்ப்பு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், பெண் சுகாதாரத் தன்னார்வலர் வழியாக இரத்த அழுத்த, நீரிழிவு மருந்துகளை வீட்டிற்கே கொண்டுசென்றது. தாய்சேய்ப் பட்டியலில் விடுபட்ட நடுவயதினரும் முதியோரும் இவ்வாறு மீண்டும் ஒரு பட்டியலில் இடம்பெறத் தொடங்கினர்.

பரங்கிமலை அனுபவத்தோடு ஒப்பிட்டால் ஒற்றுமைகள் வெளிப்படை. ஊரிலிருந்தே வந்த தன்னார்வலர், துணை நிலையத்தில் நிலையாக அமர்ந்த இடைநிலைப் பணியாளர், பின்னே நிற்கும் மருத்துவர் என்னும் மூன்றடுக்கு அமைப்பு ஏறத்தாழ அதுவே. வேற்றுமையும் வெளிப்படை. ஒப்பந்தப் பணியாளர் ஓர் ஊரின் குடும்பங்களை அறிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆகும். அவ்வளவு காலம் அவரை அங்கு நிறுத்துவதற்கான பணிப் பாதுகாப்பு அவருக்கு இல்லை. கிராம சுகாதாரச் செவிலியர், இடைநிலைப் பணியாளர், தன்னார்வலர் ஆகிய மூவரும் தனித்தனிப் பதிவை வைத்திருந்தால், கர்த்தார் சிங் குழு தீர்க்க முயன்ற பழைய சிக்கல் புதிய உருவில் திரும்பும். வீடு மீண்டும் துண்டுகளாகும்.

10. முடிவுரை

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் கால வரலாற்றில் இடைநிலைச் சுகாதாரப் பணியாளர் நீக்கப்பட்டும் மீண்டும் அழைக்கப்பட்டும் வந்துள்ளார். 1938இல் பள்ளி கல்லூரியாகியபோது உயர்ந்த தரம் வென்றது; ஆனால் அவ்வெற்றி ஊரில் ஒரு வெற்றிடத்தையும் விட்டுச்சென்றது. அவ்வெற்றிடத்தைக் குறைந்த ஊதியத்தில், குறைந்த அதிகாரத்தோடு நிரப்பியவர்கள் பெரும்பாலும் பெண்கள். சேத்துப்பட்டு ஆய்வும் பரங்கிமலைச் சிறு நல்வாழ்வு நிலையங்களும் காட்டியது, அவர்களின் பயன் சான்றிதழின் நீளத்தைவிட மூன்று நிபந்தனைகளைச் சார்ந்தது என்பதே: எண்ணி ஒப்படைத்த குடும்பங்கள், தொடர்ந்து எழுதப்படும் ஒரே பதிவேடு, குறித்த நாளில் கிடைக்கும் மருத்துவர்.

இம்மூன்றனுள் முதலாவது, சிற்றூர் இருந்தவரை எளிதாக நிறைவேறியது. ஊரின் எல்லையே பொறுப்பின் எல்லையாக இருந்தது. தாம்பரத்தைச் சூழ்ந்த ஊர்களில் அவ்வெல்லை அழிந்துவிட்டது. இனி அது ஊரின் பெயரால் தானாக அமையாது. நிருவாகம் எண்ணி வகுத்துத் தர வேண்டியதாகிறது. அண்மைய மக்கள்தொகையைக் கொண்டு துணை நிலைய எல்லைகளை மறுவரையறை செய்தலும், ஊரக, நகர அளவுகோல்களின் இடைவெளியைக் குறைத்தலும், இடைநிலைப் பணியாளருக்கு ஒரே இடத்தில் நீடிக்கும் பணிநிலை வழங்குதலும் இவ்வரலாறு சுட்டும் தேவைகள். இவை நிறைவேறாத நிலையில், தகுதி பற்றிய விவாதம் எவ்வளவு நுணுக்கமாக நிகழ்ந்தாலும், பெரும்பாக்கத்தின் அடுக்குமாடியில் எட்டாம் தளத்தில் கருவுற்றிருக்கும் பெண்ணோ, மருந்தை நிறுத்திய காசநோயாளியோ எவருடைய பட்டியலிலும் இல்லாமலே போகக்கூடும்.